கரடியூரிலிருந்து வியாழனுக்குப் போன ஐயாக்கண்ணு

கரடியூர் ஐயாக்கண்ணுவின் உயரம் ஆறடி நாலு அங்குலம். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகில் பாதியை அவர் ஏணி இல்லாமலே பறித்துவிடுவார். பஸ்ஸில் ஏறினால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். குப்பனூர் வழியாகச் சேலம் போய் இறங்கும்போது உலகமே ஒரு பக்கம் சரிந்து தெரியும். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்த குரலோ ஆறு வயதுப் பிள்ளையின் குரல். வாயைத் திறந்தால் கீச்சென்று வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் அவரைத் திருக்குறள் ஒப்பிக்கச் சொன்னார்கள். அன்று வகுப்பே உருண்டு சிரித்தது. வாத்தியாரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். அதிலிருந்து ஐயாக்கண்ணு பேச்சைக் குறைத்துக்கொண்டார். கண்டக்டரிடம் விரலைக் காட்டுவார், கடையில் சாமானைத் தொட்டுக் காட்டுவார். மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். முதல் வீட்டில் மாப்பிள்ளை பேசவே இல்லை என்று வேண்டாம் என்றார்கள். மற்ற இரண்டு வீட்டில் பேசிவிட்டார் என்று வேண்டாம் என்றார்கள். முப்பத்தெட்டு வயதில் அவருக்குத் துணையாக இருந்தது அம்மா வெள்ளையம்மாளும் மூன்று ஏக்கர் காப்பியும்தான்.

2013 ஆகஸ்டில் பேங்க் பாஸ்புக்குக்குப் போட்டோ எடுக்க ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் செபாஸ்டின் ஸ்டூடியோவுக்குப் போனார். செபாஸ்டின் ஸ்டூலைத் தாழ்த்தினான், கேமராவை உயர்த்தினான். அப்படியும் ஐயாக்கண்ணுவின் தலை பின்னாலிருந்த நீலத் திரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு மூலையில் செபாஸ்டினின் தங்கை ஸ்டெஃபி உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் இயற்பியல் டீச்சர். தலையை நிமிர்த்தினாள், பேனாவைக் கீழே போட்டாள்.

"அண்ணா, இவருதான்!"

ஐயாக்கண்ணு திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

விஷயம் இதுதான். ஏற்காட்டுக்கு வரும் டூரிஸ்ட்கள் கையில் போன் கேமரா வந்தபின் செபாஸ்டினுக்கு வேலை குறைந்துவிட்டது. ஸ்டெஃபிக்கோ கிரகங்கள் என்றால் பைத்தியம். அண்ணனிடம் கேமரா இருக்கிறது, தன்னிடம் கதை இருக்கிறது, ஊரில் காசில்லாமல் கிடைக்கும் பனிமூட்டம் இருக்கிறது. இத்தனையும் இருக்க ஏன் போட்டோவாலேயே விண்வெளிக் கதைப் புத்தகம் போடக் கூடாது என்று அவள் ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தயார், வேற்றுக்கிரகத்து ராஜா மட்டும் கிடைக்கவில்லை.

"வசனம் எதுவும் பேச வேண்டாமுங்க அண்ணா," என்றாள் ஸ்டெஃபி. "நீங்க சும்மா நின்னாப் போதும். பேச்செல்லாம் தலைக்கு மேல பலூன் போட்டு நான் எழுதிக்குவேன்."

பேசாமல் நின்றால் போதும்! முப்பத்தெட்டு வருஷமாக அவர் செய்துவந்த ஒரே காரியத்தை இன்னொருவர் வந்து கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐயாக்கண்ணு தலையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்சைட் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டிருந்த பள்ளத்தில் படப்பிடிப்பு. செக்கச்செவேலென்ற மண், புல் பூண்டு கிடையாது. வேறு கிரகம் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. காருக்குப் போர்த்தும் வெள்ளி நிற உறையை வெட்டி ஐயாக்கண்ணுவுக்கு அங்கி தைத்தார்கள். தலையில் இட்லிக் குண்டான், அதன் காதுகளில் பாட்டில் கழுவும் பிரஷ் இரண்டு. மார்பில் ஒரு பழைய ரேடியோ. அதற்குமேல் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையை இடுப்பில் வைத்து, வானத்தைப் பார்த்து, ஒரு காலைப் பாறைமேல் ஊன்றி நின்றார். செபாஸ்டின் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான்.

"ஸ்டெஃபி, எனக்குப் பயமா இருக்குது."

"எடுங்கண்ணா, எடுங்க!"

புத்தகத்தின் பெயர் 'வளையம் தொலைத்த ராஜா'. சனிக்கிரகத்தின் வளையம் கழன்று ஏற்காடு ஏரியில் விழுந்துவிடுகிறது. அதைத் தேடி ராஜா பூமிக்கு வருகிறார். முப்பத்திரண்டு பக்கம். போட்டோக்களை அட்டையில் ஒட்டி, பலூன்களில் ஸ்டெஃபி தன் குண்டுக் கையெழுத்தில் வசனம் எழுத, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் அச்சானது. செவ்வாயிலேயே அச்சாகிறது என்று அவளுக்கு ஏக குஷி. ஏரிக்கரையில் சோளக்கதிர் விற்கிற கடைகளில் ஐந்நூறு புத்தகம் வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஐயாக்கண்ணு பஸ்ஸில் ஏறினார். ஒரு சிறுமி அம்மாவின் முந்தானையை இழுத்து, "ம்மா, சனி ராஜா!" என்றாள். பஸ்ஸே திரும்பியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கும்பிட்டார். ஐயாக்கண்ணுவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் அந்தச் சிவப்பு கரடியூர் வந்து சேரும்வரை இனித்தது.

வீட்டில் வெள்ளையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளே பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சரு, எம் பையனுக்கு ஏற்கெனவே பொண்ணு கெடைக்கல. நீங்க அவனப் போயிச் சனியாக்கிப்புட்டீங்களே! தெருவுல நாலு பேரு அவன் மூஞ்சியப் பார்த்துட்டு ஊட்டுக்குத் திரும்பிப் போறாங்க. சனி எதுக்க வருதாம்!"

ஸ்டெஃபி சனிக்கிரகத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அது பாட்டுக்கு மிதக்கும், யாருக்கும் கெடுதல் செய்யாது என்று விளக்கிப் பார்த்தாள். வெள்ளையம்மாள் அசையவில்லை. கடைசியில் இரண்டாவது புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ராஜாவுக்கு இடமாற்றம் போட்டார்கள். சனியிலிருந்து வியாழனுக்கு. வளையமாக இருந்த சைக்கிள் டயரைக் கழற்றிவிட்டு, மஞ்சள் தாளில் ஒரு பெரிய பொட்டு வைத்தார்கள்.

அவ்வளவுதான், மலை தலைகீழானது. வியாழன் என்றால் குரு. குரு பார்த்தால் கல்யாணம் கூடும். கிளியூரில் ஒருத்தி வேடிக்கையாகத் தன் மகளை ஐயாக்கண்ணுவின் முன்னால் நிறுத்தி, "சித்த பாருங்க சாமி," என்றிருக்கிறாள். அவரும் மரியாதைக்குப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் முடிந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் பெண் வீட்டார் ஜாதகத்தோடு வர ஆரம்பித்தார்கள். ஐயாக்கண்ணு இட்லிக் குண்டானைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு பெண்ணையும் கூச்சத்தோடு ஒரு நொடி பார்த்துவிட்டுத் தரையைப் பார்ப்பார். ஸ்டெஃபி இயற்பியல் டீச்சர் என்கிற முறையில் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளையம்மாள் மட்டும், "ஊர்ப் பொண்ணுகளையெல்லாம் பார்க்கறான், அவனுக்கு ஒண்ணும் அமையலியே," என்று பெருமூச்சு விட்டார்.

மூன்றாவது புத்தகத்துக்கு ஒரு நிலா இளவரசி தேவைப்பட்டாள். கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் ராசாத்தி வந்தாள். முப்பத்திரண்டு வயது. அகலமான கண், நிமிர்ந்த கழுத்து, போட்டோவில் மெழுகு பொம்மை மாதிரி மென்மையாக விழுவாள். வாயைத் திறந்தால் நிலைமை வேறு. எஸ்டேட்டில் சாப்பாட்டு மணி உடைந்து போனபோது கணக்கெழுதும் ரைட்டர் புது மணி வாங்கவே இல்லை; எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடும்படி ராசாத்தியிடம் சொன்னார், அடுத்த எஸ்டேட்டுக்காரர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவள் படப்பிடிப்பு முழுக்கப் பேசினாள். ராக்கெட்டைப் பற்றிப் பேசினாள், தன் வீட்டு ஆட்டைப் பற்றிப் பேசினாள், கிரீடம் குத்துகிறது என்றாள். ஐயாக்கண்ணு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூன்று ஞாயிறு இப்படியே போனது. நாலாவது ஞாயிறு கரடியூர் மேட்டில் ராஜாவும் இளவரசியும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி. செபாஸ்டின் தூரத்தில் பாறைமேல் கேமராவோடு. "அசையாதீங்க!" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. கேமரா மறைந்தது, பாறை மறைந்தது, கடைசியில் செபாஸ்டினும் மறைந்தான். குரல் மட்டும் வந்தது. "அப்படியே இருங்க! இப்ப வெலகிரும்!"

விலகவில்லை. முக்கால் மணி நேரம் அவர்கள் கையைப் பிடித்தபடி வெள்ளைக்குள் நின்றார்கள். ராசாத்திகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுடைய கை சில்லென்றிருந்தது, பிறகு சூடானது. ஐயாக்கண்ணுவுக்கு நெஞ்சு ரேடியோவை முட்டியது. அப்போது அவள் கிரீடத்தில், பசை தடவிய இடத்தில், செவ்வெறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்தார். சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஏனுங்க... உங்க கிரீடத்துல எறும்புங்க."

ராசாத்தி குனிந்து அக்கம்பக்கம் பார்த்தாள். "எந்தப் புள்ள அது? கண்ணு, பனிக்குள்ள எங்க நிக்கற?"

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். ராஜாவின் முகம் இட்லிக் குண்டானுக்குக் கீழே தக்காளி மாதிரி ஆகியிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் மேட்டுக்குக் கீழே மேய்ந்த மாடுகள் நிமிர்ந்தன. ஐயாக்கண்ணு கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நாலு வாரமா நான் ஒருத்தியே கத்திக்கிட்டு இருந்தேனேங்க! பேச வருமுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? இன்னொருக்காச் சொல்லுங்க."

"எறும்புங்க."

"நொம்ப நல்லா இருக்குதுங்க. அய்யோ, கடிக்குது, தட்டி விடுங்க!"

பனி விலகியபோது செபாஸ்டின் பார்த்தது, வியாழன் ராஜா நிலா இளவரசியின் தலையில் படபடவென்று அடித்துக்கொண்டிருப்பதை. எடுத்தான். ஸ்டெஃபி அதற்கேற்பக் கதையை மாற்றி அங்கே ஒரு போர் வைத்தாள். அந்தப் புத்தகம்தான் எல்லாவற்றிலும் அதிகமாக விற்றது.

2016 மே மாதக் கோடை விழாவில் தனிக் கடை போட்டார்கள். ஏழாவது புத்தகம் அன்றுதான் வெளிவந்தது. வரிசை ஏரியைத் தொட்டுத் திரும்பியது. சேலத்துப் பிள்ளைகள், ஈரோட்டுப் பிள்ளைகள், புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு முழுக் குடும்பம்! ராஜா கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஐயாக்கண்ணு போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பேனா தீர்ந்து, இன்னொரு பேனாவும் தீர்ந்து, கடைசியில் கட்டைவிரலை ஸ்டாம்ப் மையில் தோய்த்து வைத்தார். "வேற கெரகத்துல இப்படித்தான்!" என்று ராசாத்தி வரிசையின் கடைசிவரை கேட்கும்படி விளக்கினாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார்.

உச்சி என்றால் அதுதான் உச்சி. அந்த வருஷக் கடைசியிலேயே டேட்டா மலிந்தது. எல்லார் கையிலும் வீடியோ. அடுத்த கோடையில் அதே இடத்தில் கடை போட்டார்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரு பொடியன் பக்கத்தின்மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். "ஓடலியே," என்று வைத்துவிட்டுப் போனான். எட்டாவது புத்தகம் கட்டுக் கட்டாகச் சோளக்கதிர்க் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. சிலவற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் மணத்தன.

"வீடியோதானே? நாமளும் எடுப்போம்," என்றான் செபாஸ்டின்.

எடுத்தார்கள். வியாழன் ராஜா பாறைமேல் காலை ஊன்றி, வானத்தைப் பார்த்து, "பூமியே, நடுங்கு!" என்றார். கீச்சென்ற அந்தக் குரலுக்குப் பூமி நடுங்கவில்லை. கேமராதான் நடுங்கியது, பிடித்திருந்த செபாஸ்டின் சிரிப்பை அடக்கியதில். அந்தப் பழைய வகுப்பறை ஐயாக்கண்ணுவின் கண்முன் வந்து போனது. திரும்பி ராசாத்தியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர நின்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேரும் செம்மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள்.

பிறகு ஸ்டெஃபி குரலை மாற்றிப் பார்த்தாள். ராஜாவுக்கு ராசாத்தி பேசினாள், இளவரசிக்கு ஐயாக்கண்ணு பேசினார். அபாரமாக இருந்தது. மலையில் ஒருவர் விடாமல் பார்த்தார்கள், இவருக்கு அவர் அனுப்பினார், அவருக்கு இவர் அனுப்பினார். ஆனால் அதற்கப்புறம் புத்தகம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. போனில் சும்மாவே ராஜா ஓடும்போது நின்றுகொண்டிருக்கும் ராஜாவை யார் வாங்குவார்கள்?

"ஒன்பதோட நிறுத்திக்கலாம்," என்றாள் ஸ்டெஃபி. "கதைய அந்தரத்துல விடக் கூடாது. முடிச்சு ஒரு புத்தகம் போட்டுருவோம்."

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில் ராசாத்தி ஐயாக்கண்ணுவை நிறுத்தினாள்.

"புத்தகம் முடிஞ்சா ஞாயித்துக்கெழமை என்ன பண்ணுவீங்க?"

அவர் தோளைக் குலுக்கினார்.

"எங்கிட்ட ஏதாச்சும் கேக்கோணும்னு இருக்குதுங்களா? நான் கேட்டா ஊருக்கே கேட்டுரும். நீங்க கேளுங்க."

ஐயாக்கண்ணு வாயைத் திறந்தார். மூடினார். பஸ் வந்துவிட்டது.

2018 பிப்ரவரியில் கடைசிப் புத்தகத்தின் பக்கங்கள் தயாராயின. ஸ்டெஃபிக்குப் பொதுத்தேர்வு வேலை தலைக்குமேல். அவசர அவசரமாகப் பலூன்களை நிரப்பி, கட்டைச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஐயாக்கண்ணுவிடம் தந்தாள். அதிசயமாக பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபத்தாறாம் பக்கம். எதிரிக் கப்பல் சூழ்ந்துவிட்டது. ராஜா இளவரசியின் பக்கம் திரும்புகிறார். அவர் தலைக்குமேல் பெரிய வெள்ளைப் பலூன். அதில் ஒன்றும் எழுதவில்லை. ஸ்டெஃபி மறந்துவிட்டாள்.

வளைவில் பஸ் சாய்ந்தது. ஐயாக்கண்ணுவின் சட்டைப்பையில் பேனா இருந்தது. எடுத்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிய, எழுதி முடித்தார்: 'கிளியூர் ராசாத்தி, என்னைக் கட்டிக்குவீங்களா?'

அடிவாரம் வந்ததும் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தார். அழித்துவிடலாம் என்றால் மை. அச்சகத்தில் சொல்லி அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி வாங்கலாம் என்றால் வாயைத் திறந்து பேச வேண்டும். அச்சகக்காரர் ஒரு போனில் இருந்தார், கையை நீட்டினார். ஐயாக்கண்ணு கட்டைக் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே வந்து, ஒரு முழு மணி நேரம் எதிர்க்கடையில் மோர் குடித்தார்.

அறுநூறு பிரதி அச்சானது. பக்கம் இருபத்தாறில், எதிரிக் கப்பல்களுக்கு நடுவே, ராஜா கோணல் கையெழுத்தில் கேட்கிறார். அடுத்த படத்தில் இளவரசி, ஸ்டெஃபி முன்பே எழுதி வைத்த வசனத்தில், 'முதலில் எரிபொருளைக் கவனியுங்கள், அரசே!' என்கிறாள்.

எஸ்டேட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். ராசாத்தியோடு கொட்டை பொறுக்கும் தீபிகா புத்தகத்தை வாங்கி வந்து எல்லாருக்கும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறில் நின்றாள். மறுபடி படித்தாள். கொட்டகை முழுக்க முறங்கள் கீழே விழுந்தன.

ராசாத்தி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் கரடியூர் பஸ்ஸைப் பிடித்தாள். விஷயம் அவளுக்கு முன்னாலேயே பஸ்ஸில் ஏறியிருந்தது, கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்ன சொல்லப் போறீங்க?" என்றார். "அவருகிட்டச் சொல்றப்ப உங்களுக்கும் கேக்குமுங்க," என்றாள்.

ஐயாக்கண்ணு தோட்டத்தின் மேல் கோடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே ரோட்டில் பஸ் நின்றது. ராசாத்தி இறங்கினாள், கையை வாயருகே குவித்துக்கொண்டாள்.

"கட்டிக்கறேனுங்கோ!"

மேட்டில் பட்டு, பள்ளத்தில் பட்டு, மூன்று தடவை திரும்பி வந்தது. பஸ்ஸில் எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டு வாசலில் வெள்ளையம்மாள் மருமகளின் குரலை முதல்முறையாக நேரில் கேட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐயாக்கண்ணு மிளகுச் சாக்கோடு சரிவில் இறங்கி ஓடி வந்தார், பாதியில் சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, எரிபொருளு?" என்று கேட்டார், மூச்சு வாங்க.

"அத அப்பறம் பாத்துக்கலாமுங்க."

கல்யாணம் சித்திரையில் நடந்தது. கடைசிப் புத்தகத்தில் விற்காத பிரதிகள் தாம்பூலப் பையில் தேங்காயோடும் வெற்றிலையோடும் போயின. அதைப் பந்தலுக்குள் நுழையும்போதே கொடுத்ததுதான் செபாஸ்டின் செய்த தப்பு. தாலி கட்டுகிற நேரத்தில் ஒருவரும் மணமக்களைப் பார்க்கவில்லை. முந்நூறு தலையும் பக்கம் இருபத்தாறில் குனிந்திருந்தன. நாதஸ்வரக்காரர்கூட ஒரு கண்ணை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். செபாஸ்டின் கேமராவைத் தூக்கியபடி, "எல்லாரும் இங்க பாருங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

ராசாத்தி மாலையைச் சரிசெய்துகொண்டு மூச்சை இழுத்தாள். ஐயாக்கண்ணு அனுபவசாலி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இங்க பாருங்கோ!"

அத்தனை முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. செபாஸ்டின் அமுக்கினான்.